பந்து வந்து சேரும் நேரம்

அக்டோபர் 2, ஞாயிறு

"சார், அப்படின்னா நாம பார்க்கிறது எல்லாமே ஏற்கெனவே முடிஞ்சுபோனதா?"

முப்பது வருடங்களுக்கு முன் பதினொன்றாம் வகுப்பில் செந்தாமரை என்ற மாணவி எழுந்து கேட்ட கேள்வி. சூரியனிலிருந்து வெளிச்சம் வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று அன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தூரத்தில் இருப்பவற்றுக்குத்தான் அந்தத் தாமதம், பக்கத்தில் இருப்பவற்றுக்குக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லி அவளை உட்காரவைத்தேன். இத்தனை வருடம் கழித்து அது நினைவுக்கு வரக் காரணம், இன்று மதியம் சொர்ணம் ஏறக்குறைய அதையே கேட்டாள்.

"என்னங்க, இந்தப் புது மானிட்டர்ல பந்து லேட்டா வருதோ?"

என் மனைவிக்கு அறுபத்திரண்டு வயது. திருநெல்வேலி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருடம் ஆபரேட்டர். மகள் பகவதி கல்யாணமாகிப் புனேவுக்குப் போனபோது விட்டுப்போன கணினியில் ஒரு செங்கல் உடைக்கும் ஆட்டம் இருந்தது. கீழே ஒரு சிறிய மட்டை. வலது, இடது அம்புக்குறி விசைகளை அமுக்கி அதை நகர்த்தி, வந்து விழும் பந்தைத் திருப்பி அடித்து, மேலே அடுக்கியிருக்கும் செங்கல்களை உடைக்க வேண்டும். ஒரு அடுக்கு முடிந்தால் அடுத்த நிலை, பந்துக்கு இன்னும் வேகம். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று ஆட்டம் ஆடுவாள். பாளையங்கோட்டையில் இந்த வயதில் இப்படி ஒரு பெண்மணி உண்டா என்று நான் கேலி செய்ததுண்டு. முப்பத்தொன்றாவது நிலை வரை போயிருக்கிறாள். அன்று தெருவில் எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தனுப்பினாள்.

போன வாரம் பகவதி பிறந்தநாள் பரிசாக ஒரு தட்டை மானிட்டர் அனுப்பினாள். பழைய டப்பா மானிட்டரில் படம் நடுங்குகிறது, அம்மா கண் கெட்டுவிடும் என்று. பழையதைப் பரணில் ஏற்றினேன்.

இன்று சொர்ணம் பத்தொன்பதோடு நின்றுவிட்டாள். இருபத்தேழு, இருபத்தெட்டுக்குக் குறையாதவள். புதுத் திரைதான் காரணமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 6, வியாழன்

பதினெட்டு. பீன்ஸ் நறுக்கிக்கொடுத்தேன். பெரிது பெரிதாக நறுக்கிவிட்டேன் என்று திட்டு.

அக்டோபர் 9, ஞாயிறு

ஞாயிறு பதினோரு மணிக்கு ஸ்டெல்லாவின் போன். ஸ்டெல்லா ராஜாமணி எக்ஸ்சேஞ்சில் சொர்ணத்துக்குப் பக்கத்து இருக்கை. இப்போது தூத்துக்குடியில் இருக்கிறாள். அவளும் அதே ஆட்டத்தை ஆடுகிறாள். வாரம் ஒருமுறை இருவரும் எண்ணிக்கை சொல்லிக்கொள்வார்கள். வேறு என்ன பேசினாலும் முதல் கேள்வி அதுதான்.

"ஏட்டி, எவ்வளவு?"

"பதினெட்டு."

ஸ்டெல்லா கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. சொர்ணம் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

தேங்காய் துருவிக்கொடுத்தேன். கை வலிக்கிறது என்றாள்.

அக்டோபர் 14, வெள்ளி

இன்று ஒரு பரிசோதனை செய்தேன். நெடுநாளைக்குப் பின் மனம் உற்சாகமாக இருந்தது.

பரணிலிருந்து டப்பா மானிட்டரை இறக்கி, தட்டை மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே கணினியிலிருந்து இரண்டுக்கும் படம் போகும்படி ஒரு பிரிப்பான் ஒயர் மாட்டினேன். ஓடும் கடிகாரம் ஒன்றை, நூறில் ஒரு பங்கு வினாடி வரை காட்டுவதை, இரண்டிலும் ஓடவிட்டு, இரண்டும் சேர்ந்து தெரியும்படி செல்போனில் படம் எடுத்தேன். டப்பாவில் கறுப்புப் பட்டை விழுந்தது, ஆனாலும் எண் தெரிந்தது. டப்பாவில் 12.48 என்றால் தட்டையில் 12.44. இருபது படங்கள், இருபதிலும் தட்டைதான் பின்தங்கியது. சராசரி 0.038 வினாடி.

காரணம் எளிது. டப்பா மானிட்டர், எதிரே நிற்பவரிடம் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும் ஆளைப் போல. வருகிற செய்தியை அப்படியே கண்ணாடியில் எழுதிவிடும். தட்டை மானிட்டர், மனுவை வாங்கி, படித்து, தன் அளவுக்குத் திருத்தி எழுதி, பிறகு வெளியே அனுப்பும் அலுவலகம். அந்தத் திருத்தத்துக்குத்தான் 0.038 வினாடி. கடிதம் எழுதுகிறவனுக்கு அது ஒன்றுமில்லை. இருபதாவது நிலையில் பந்துக்கு முன் நிற்கிறவளுக்கு அது ஒரு விரல்கடை.

அடுப்படிக்கே போய்ச் சொன்னேன். "சொர்ணம், உன் மேல தப்பில்ல. மானிட்டர்தான். அளந்துட்டேன்."

அவள் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பி என்னை வெகுநேரம் பார்த்தாள். "நல்லா அளந்தீங்களா?"

"இருபது தடவ."

"சரி சார்வாள்" என்றாள். கேலி செய்யும்போது மட்டும் நான் அவளுக்குச் சார்வாள்.

அக்டோபர் 17, திங்கள்

டப்பா மானிட்டரின் நடுக்கத்தைச் சரிசெய்ய ஆட்டோவில் வைத்து மேலப்பாளையம் கொண்டுபோனேன். பழைய கணினிச் சாமான்கள் விற்கும் பீர் முகமது அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இத யாரு சார் இப்பம் வச்சிருக்கா? எங்ககிட்ட எடைக்குல்லா போடுதாங்க."

"வீட்டுல கேம் ஆடுதாங்க. தட்டை மானிட்டர்ல தாமதம் இருக்கு."

"பேரனா?"

"இல்ல, என் வீட்டுக்காரம்மா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு கெபாசிட்டர்கள் உப்பியிருந்தன. "சரி பண்ணிரலாம். ஆனா சார், நம்ம கண்ணும் கையும் வாங்குத நேரத்துல இந்த மானிட்டர் வாங்குதது எம்மாத்திரம்? ரொம்ப ஸ்பீடா ஆடுத பயலுவளுக்குத்தான் அது தெரியும்."

"அவங்க ரொம்ப ஸ்பீடு" என்றேன்.

அக்டோபர் 22, சனி

டப்பா மானிட்டர் வந்துவிட்டது. தட்டையைத் துணி போர்த்திச் சுவரோரம் வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் அந்தப் பழைய 'டொங்' சத்தத்தோடு வெளிச்சம் விரிந்தது. நடுக்கமே இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பதினேழு.

விசைப்பலகை பழசு. வலது அம்புக்குறி இறுகிக் கிடக்கிறது. நான் அமுக்கியபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மாற்றிவிடுவது நல்லது.

அக்டோபர் 24, திங்கள். தீபாவளி

சொர்ணம் மாவு பிசைந்து தர, முறுக்கு அச்சை நான் பிழிந்தேன். முறுக்கா ஜிலேபியா என்று கேட்டாள். தூரத்தில் வானத்தில் வெடித்த வெடியின் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணிக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் எண்ணினாள். அவள் பிடித்தது இடது கையால்.

அக்டோபர் 29, சனி

புது விசைப்பலகை. பதினைந்து.

நவம்பர் 4, வெள்ளி

ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கொடுக்க இருவரும் வங்கிக்குப் போனோம். சொர்ணத்தின் கையெழுத்து பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்றார் அங்கிருந்த பெண். இரண்டாம் தடவை போட்டாள். மூன்றாம் தடவையில் சொர்ணம் என்ற பெயரின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே வழிந்தது.

"அம்மா, கைரேகை வச்சிருங்க. அது போதும்."

"உங்க பேனா சரியில்ல" என்றேன். "மையே இறங்கல. வேற பேனா கொடுங்க." என் குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சொர்ணம் என் முழங்கையைத் தொட்டாள். பிறகு பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினாள். முப்பத்து மூன்று வருடம் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு அவள் விரலைக் கழுவிவிட்டேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிச் சிறிய குழி விழுந்திருக்கிறது. வயதானால் அப்படித்தான். என் கையைப் பார்த்தேன். எனக்கு அப்படி இல்லை.

நவம்பர் 6, ஞாயிறு

பதினான்கு. ஸ்டெல்லாவிடமும் பதினான்கு என்றே சொன்னாள். அதன்பின் பின்கட்டில் அரைமணி நேரம் பேச்சு. நான் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 10, வியாழன்

சொர்ணம் கோயிலுக்குப் போயிருந்தபோது கணினியில் ஒரு சிறு திருத்தம் செய்தேன். என்ன என்பதை எழுத வேண்டியதில்லை.

மதியம் ஆடினாள். இருபத்துநான்கு!

முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றாள். வலது கையை விரித்து மடக்கி, விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

நவம்பர் 11, வெள்ளி

இருபத்தாறு. எலுமிச்சம்பழ சாதம் செய்தாள். பழத்தைத் தானே பிழிய வேண்டும் என்று பிடிவாதம். பாதிச் சாறு பழத்திலேயே இருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. சமைக்கும்போது பாடினாள். நான் பரணைத் துடைத்தேன். துடைக்க அங்கே எதுவும் இல்லை.

நவம்பர் 13, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு ஸ்டெல்லாவின் போன் அடித்தது. சொர்ணம் எடுக்கவில்லை. கணினி முன் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் ஓடுகிறது, அவள் விசையைத் தொடவில்லை. பந்து விழுந்தது. மறுபடி ஒரு பந்து. அதுவும் விழுந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொர்ணம்?"

"பந்து இந்தச் சுவருல மோதி அந்தச் சுவருல மோதுததுக்குள்ள நான் 'ஒண்ணு'ன்னு எண்ணுவேன். பதினெட்டு வருசமா எண்ணுதேன். இப்பம் 'ஒண்ணு, ரெண்'ங்கிறது வரைக்கும் வருது." கண்ணைத் திறந்தாள். "வேகத்தக் குறைச்சு வச்சிருக்கீங்க."

ஏழில் இருந்த வேகத்தை ஐந்தாக்கியிருந்தேன்.

"அரை மார்க்குல பெயிலான புள்ளைங்கள அழ வச்சு அனுப்புனவருல்லா நீங்க? பகவதிக்கே போடல. எனக்கு மட்டும் ஏன் போட்டுக்கொடுக்கீங்க?"

"சந்தோசமா இருப்பியேன்னு..."

"இருந்தேன்." வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளு இருந்தேன். எனக்குச் சரியாகிட்டு வருதுன்னு நினைச்சேன் சார்வாள். முருகன் கண்ணத் திறந்துட்டான்னு நினைச்சேன்."

சரியாகிட்டு வருது என்றால், சரியில்லாதது ஒன்று இருக்கிறது. அவளாகவே சொன்னாள். சித்திரையிலேயே ஊக்கு மாட்ட முடியாமல் போனதாம். ஆகஸ்டில் ஸ்டெல்லா வீட்டுக் கல்யாணம் என்று போனாளே, அது கல்யாணம் இல்லை. தூத்துக்குடியில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறாள். நரம்பில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனை ஒன்று செய்ய வேண்டும், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இவள் போகவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஸ்டெல்லா கேக்குதது ஆட்டத்தயா? என் கையக் கேக்குதா. அவட்ட போயி இருபத்தாறுன்னு எப்பிடிச் சொல்ல? அவ அழுதுருவா, சந்தோசத்துல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் மானிட்டர அளந்துட்டு இருந்தீங்களே. அவ்வளவு சந்தோசமா அளந்தீங்க."

வேகத்தைப் பழையபடி ஏழில் வைத்தேன்.

நவம்பர் 14, திங்கள்

பருப்பு கருகிவிட்டது.

நவம்பர் 24, வியாழன்

திருநெல்வேலியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு மருத்துவமனை. ஊசிச் சோதனை. அவள் கையிலும் காலிலும் தோளிலும் குத்தினார்கள். குத்தும்போது அந்தக் கருவியின் திரையில் கோடுகள் துள்ளின. அது டப்பா மானிட்டரா தட்டையா என்று பார்த்தேன். என் புத்தி அப்படி.

டாக்டர் இளம் வயதுப் பெண். "எப்போதிலிருந்து இப்படி?" என்று என்னைத்தான் கேட்டார். செப்டம்பர் கடைசியில் புது மானிட்டர் வந்ததிலிருந்து என்று சொல்லப் போனேன்.

சொர்ணம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் பதியும் நீள நோட்டு. தினமும் ஆட்டம் முடிந்ததும் அவள் ஏதோ எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கணினிக்குப் பக்கத்திலேயே, நான் மானிட்டரை நகர்த்தி நகர்த்தி வைத்த அதே மேசையில்தான் அது கிடந்தது. ஒருநாளும் பிரித்ததில்லை.

ஏப்ரலில் இருபத்தெட்டு. ஜூனில் இருபத்தைந்து. ஆகஸ்டில் இருபத்திரண்டு. செப்டம்பர் நடுவில் இருபது. எல்லாம் டப்பா மானிட்டரில். நவம்பர் 10, 11, 12 மூன்று நாளுக்கும் எதிரே எழுதியிருந்த எண்களை ஒரே கோடாக அடித்திருந்தாள்.

முந்தைய அளவை எடுக்காமல் பரிசோதனையைத் தொடங்காதே என்று நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான். முந்தைய அளவு என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

டாக்டர் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எனக்குக் கொண்டுவந்ததில்லம்மா" என்றார். பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினார். மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகின்றன. முதலில் ஒரு கை. பிறகு மற்றவை.

சொர்ணம் கேட்டாள். "லைன் கட்டாகுது. அவ்வளவுதானே டாக்டர்? எக்ஸ்சேஞ்ச் நல்லாத்தான இருக்கு?"

"ஆமாம்மா. எக்ஸ்சேஞ்ச் நல்லா இருக்கு."

"கேபிள மாத்த முடியாதோ?"

"இப்போதைக்கு முடியாதும்மா. கொஞ்சம் மெதுவாக்க மாத்திரை இருக்கு."

நோயின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். அதை இங்கே எழுதவில்லை. தாள் அலமாரியில் இருக்கிறது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஆற்றுப்பாலம் தாண்டும்போது, "ஆத்துல தண்ணி நல்லாப் போகுது" என்றாள்.

டிசம்பர் 3, சனி

மதியம் என் மேசை இழுப்பறையைத் திறந்து முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துவந்தாள்.

"புள்ளைங்களுக்கு ஒண்ணு செஞ்சு காட்டுவீங்கள்லா? ஸ்கேல விடுவீங்க, அவங்க பிடிக்கணும். எனக்குச் செய்யுங்க."

"எதுக்கு?"

"மானிட்டருக்கு இருபது தடவ செஞ்சீங்க. எனக்கு ஒரு தடவ செய்யக்கூடாதா?"

ஒருவர் ஸ்கேலை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் பூஜ்யத்துக்கு நேரே விரல்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விடும்போது, எத்தனை சென்டிமீட்டர் விழுந்தபின் பிடிக்கிறார் என்று பார்த்தால், கண் பார்த்துக் கை மூடுவதற்கு ஆகும் நேரம் தெரிந்துவிடும். பதினைந்து சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வினாடி. நல்ல கை.

விட்டேன். எட்டில் பிடித்தாள். கொஞ்சம் கீழே வழுக்கி நின்றது.

"எட்டு! சொர்ணம், என் மாணவர்களே எட்டுல பிடிச்சதில்ல."

"பிடிக்க மாட்டாங்க. நீங்க விடுததுக்கு முன்னாடி புருவத்தத் தூக்குனீங்க. அவங்களுக்குத் தூக்கியிருக்க மாட்டீங்க."

தூக்கினேனா என்று எனக்கே தெரியவில்லை. தூக்கியிருப்பேன்.

"என் முகத்தப் பாக்காதீங்க. ஸ்கேலப் பாருங்க. ஒழுங்கா விடுங்க."

ஒழுங்காக விட்டேன். பதினேழில் அவள் விரல்கள் மூடின. நான் கண்ணால் பார்த்தேன், பதினேழு. வாலிபப் பிள்ளைகள் பிடிக்கும் இடம். ஆனால் ஸ்கேல் நிற்கவில்லை. மூடிய விரல்களுக்கு நடுவே வழுக்கி இறங்கி, தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.



"நேரத்துக்கு வந்துட்டேன்லா?" என்றாள்.

"வந்துட்ட."

"பிடிக்கத்தான் முடியல."

குனிந்து ஸ்கேலைத் தேடினேன். கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை தேடிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 5, திங்கள்

பகவதிக்குப் போன் செய்து சொன்னோம். சொர்ணமே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

டிசம்பர் 22, வியாழன்

பகவதி பத்து நாள் விடுமுறையில் வந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தலை பின்னிவிடுகிறாள். நான் பின்னுவது கோணலாம். சொர்ணம் இருவரையும் சேர்த்துக் குறை சொல்கிறாள், வீட்டில் சத்தம் இருக்கிறது. இட்லி மாவு அரைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் ஈடு கல். இரண்டாம் ஈடு பரவாயில்லை.

செந்தாமரையின் கேள்வி விடாமல் வருகிறது. பக்கத்தில் இருப்பவற்றுக்குத் தாமதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்றேன். சித்திரையில் நடந்தது எனக்கு ஐப்பசியில் வந்து சேர்ந்தது. நடுவே இருந்த தூரம் ஒரு சாப்பாட்டு மேசை.

ஜனவரி 8, ஞாயிறு

பகவதி போய்விட்டாள். போகும்முன் மேசையை ஒழுங்கு செய்ய வேண்டும் என்றாள். இரண்டு மானிட்டரும் இடத்தை அடைக்கின்றன, சக்கர நாற்காலி வரும்போது இடம் வேண்டும், ஒன்றை எடுத்துவிடுங்கள் என்று. சக்கர நாற்காலி என்ற சொல் இந்த வீட்டில் முதல்முறையாகச் சொல்லப்பட்டது அன்றுதான்.

நான் டப்பாவை வைத்துக்கொள்ளத் தீர்மானித்திருந்தேன். அளந்து பார்த்த முடிவு அது. தாமதமில்லாதது, நடுக்கமும் சரியாகிவிட்டது. இன்று காலை தட்டையை அட்டைப்பெட்டியில் போடப் போனபோது சொர்ணம் தடுத்தாள்.

"அது இருக்கட்டும். டப்பாவ பீர் முகமது கடைக்குக் கொண்டுபோங்க."

"தட்டைல பந்து லேட்டா வரும்மா. நான்தான் அளந்து..."

"தெரியும். ஆயிரத்துல முப்பத்தெட்டு. அதுக்காகத்தான்." நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். உட்கார இப்போது மேசையைப் பிடித்துக்கொள்கிறாள். "டப்பால தோத்தா நான் தோத்தேன். இதுல தோத்தா, மானிட்டர் சரியில்லன்னு சொல்லிக்கலாம்லா? இனிமே எப்பிடியும் தோக்கத்தான போறேன். சொல்லிக்க ஒண்ணு வேணும்."

டப்பாவின் ஒயரைக் கழற்றினேன். தட்டையை நடுவே வைத்து, அவள் கண்ணுக்கு நேராக உயரம் பார்த்து, அடியில் என் பழைய இயற்பியல் புத்தகங்கள் இரண்டை வைத்தேன்.

மதியம் வரை காத்திருக்காமல் அப்போதே இடது கையால் ஆடினாள். இரண்டு விசையும் அந்தக் கைக்கே. வேகம் ஏழு. நான் எதையும் தொடவில்லை. ஆறாவது நிலையில் கடைசிப் பந்து விழுந்தது. நோட்டில் எழுதப் பேனாவை என்னிடம் நீட்டினாள். அவள் சொல்ல நான் எழுதினேன்: ஜனவரி 8. ஆறு. இடது கை.

பதினோரு மணிக்குப் போன். பின்கட்டுக்குப் போகவில்லை. நான் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"ஏட்டி, எவ்வளவு?"

"ஆறு."

"ஆறா? நான் கண்ண மூடிட்டு ஆடுனாலே எட்டுட்டி."

"மானிட்டர் சரியில்லட்டி. பந்து லேட்டா வருது. வேணும்னா சார்வாள்ட்ட கேளு, இருபது தடவ அளந்திருக்காரு."

போனில் ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் கேட்டேன், சொர்ணமும் கேட்டாள்.

"ஆமாட்டி" என்றாள் ஸ்டெல்லா. "சவம், எல்லாம் மானிட்டர்தான்."

"ஆமா, மானிட்டர்தான்" என்று நானும் சொன்னேன்.

என் பாடங்கள் எல்லாவற்றையும் 'செய்து பார்' என்று ஒரு வரியோடு முடிப்பது வழக்கம். இந்த நாட்குறிப்பை யாராவது எப்போதாவது படித்தால் அவர்களுக்கும் ஒன்று இருக்கட்டும்.

செய்து பார்: உன் வீட்டில் இருப்பவரின் விரல்களுக்கு நடுவே ஒரு ஸ்கேலைத் தொங்கவிட்டு, சொல்லாமல் விடு, எண்ணைப் பார்க்கும் முன் அந்தக் கையைப் பார்.